அசருக்குப் பிறகு தொடங்கிய ஆட்டம்

காக்கா.

உங்களைப் பேர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. காக்கா என்று மட்டும்தான், எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் கிறவுண்டில் நிற்கும் உங்களுக்குக் கேட்கும். கையை உயர்த்திக் காட்டுவீர்கள், வருகிறேன் என்று. இப்போது எங்கே நின்று கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் உங்களிடம் சொல்ல இருந்ததை மற்றவர்களிடம் சொல்கிறேன்.

வாப்பா மௌத்தாகி அவரை அடக்கிய வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. காக்கா அதற்கு முன்னமே நின்றுவிட்டார். கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. பின்னேரம் அசர் தொழுததும் கிறவுண்ட். எங்கள் ஊர்க் கழகத்துக்கு அவர்தான் கோல் கீப்பர், அவர்தான் கெப்டன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா இல்லாத வீட்டில் அந்த வீட்டைக் கட்டுவது காக்காமாருடைய கடமை. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். இங்கே அவர்களுடைய தங்கச்சிமாருக்குச் சுவர் எழும்புகிறது. என்னுடைய வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் வந்து, அதோடு நின்றிருந்தது. காக்காவுக்குக் கட்டாரில் ஒரு பண்டகசாலையில் வேலை சரிவந்திருந்தது. மெடிக்கல் முடிந்து விசாவும் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கிண்ணப் போட்டி வந்தது. நாடு முழுக்க உள்ள கழகங்கள் விளையாடுகிற போட்டி அது. எங்கள் கழகம் எப்படியோ இரண்டு சுற்றுத் தாண்டியது. மூன்றாவது சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது கொழும்பிலிருந்து முதல்தரக் கழகம் ஒன்று எங்களுக்கு எதிராக விழுந்தது. தேசிய அணியில் விளையாடிய ஆட்கள் இருக்கிற கழகம். அதுவும் அவர்கள்தான் எங்கள் கிறவுண்டுக்கு வர வேண்டும்.

அன்றைக்குக் காக்கா வீட்டுக்கு வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினார். உம்மா சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உம்மா, இதுல வென்டா அடுத்த மெட்ச் கொழும்பிலெ. பெரிய கிளப் ஆக்கள் எல்லாம் வந்து பாப்பாங்க. கீப்பருக்கு ஆள் தேடிட்டு இரிக்கிறாங்க. எடுத்தா சம்பளத்தோட வேலை. கட்டாருக்குப் போகத் தேவல்ல.”

“பந்தப் புடிச்சிப் புடிச்சி என்னத்தக் கண்ட மனே? கை ரெண்டும் காய்ச்சிப் போய்க் கிடக்கி.”

“ஒரு மெட்ச்தானே உம்மா.”

“ஏஜென்சிக்காரன் டிக்கட் போடப் போறன் எண்டு செல்லுறானே.”

“கொஞ்சம் பிந்திப் போடச் செல்லலாம். கேட்டுட்டன்.”

உம்மா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் காக்காவின் முகத்தைப் பார்த்தார். “சரி. வென்டா நில்லு. தோத்தா வாயத் தொறக்காமப் போய்ச் சேரணும். சத்தியம் பண்ணு.”

“வல்லாஹி உம்மா.”

நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் போகவே கூடாது. வீடு கிடக்கட்டும், கலியாணமும் கிடக்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வீடே எனக்குத்தான். நான் என்ன கதைக்க முடியும்?

ஆட்டத்துக்கு முந்திய கிழமை கழகத்து ஆட்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். கழகத்தின் செயலாளர் போன் கடை வைத்திருக்கிறவர், எதைச் சொன்னாலும் பகிடியாகத்தான் சொல்வார். அவர்தான் கொழும்புக்காரர்களோடு கதைத்து வைத்திருந்தார்.

“ரெண்டரைக்குத் தொடங்கணுமாம். அவனுகள் அண்டைக்கே திரும்பிப் போகணுமாம்” என்றார்.

“ரெண்டரைக்கா? அந்த வெயிலுக்குக் கிறவுண்டுக்கு மாடும் வராது.”

“அசர் தொழுதுட்டுத்தான். எப்பயும் அப்பிடித்தானே?”

எப்போதும் அப்படித்தான். எங்கள் ஊரில் எந்த ஆட்டமும் அசர் தொழுதுவிட்டுத் தொடங்கி, பொழுதுபட்டதும் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முதல் முடிந்துவிடும். ஊர் ஆட்டம் பாதிக்கு அரை மணித்தியாலம். அதற்கு அந்த வெளிச்சம் போதும். யாரும் வேறு மாதிரி யோசித்துப் பழகவில்லை.

ஒரே ஒருவர் கேட்டார். கல்முனையிலிருந்து வந்து எங்களோடு விளையாடுகிற கத்தோலிக்கர் அவர். முன்வரிசை ஆட்டக்காரர். காக்காவுக்குக் கடையில் கூட வேலை செய்கிற கூட்டாளியும் அவர்தான். “மச்சான், இது தொண்ணூறு நிமிசம். சமமா வந்தா இன்னும் அரை மணித்தியாலம் குடுப்பாங்க. அதுக்கும் மேல பெனால்டி. இருட்டிப் போகாதா?”

செயலாளர்தான் பதில் சொன்னார்: “சமமா வாறதா? டேய், நாம தோக்கிறதுக்கு இந்த வெளிச்சம் தாராளம்!”

முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஒருவர், “முதல் பாதிக்குள்ளயே அஞ்சப் போட்டுட்டு அவனுகள் ஐஸ்கிறீம் குடிக்கப் போயிடுவானுகள். இவரு இருட்டுக்குப் பயப்புடுறாரு” என்றார். இன்னும் சிரிப்பு. காக்காவும் சிரித்தார். தேத்தண்ணிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, நன்றாகச் சிரித்தார். தோற்றால் போய்விடுவேன் என்று உம்மாவிடம் சத்தியம் பண்ணிவிட்டு வந்து இருந்தவர் அவர். அவருக்கே வெல்லுவோம் என்ற நினைப்பு உள்ளுக்குள் இல்லை போல. இருந்திருந்தால் அந்த நேரம் வாயைத் திறந்திருப்பார்.

கொழும்புக்காரர்கள் முதலில் மாட்டோம் என்றார்கள். பிறகு சரி என்றுவிட்டார்கள். அவர்களுக்கும் சமமாக வரும் என்ற பயம் இருந்திருக்காது.

ஊர் அந்தக் கிழமை முழுக்கக் கிறவுண்டில் கிடந்தது. மாட்டுச் சாணம் அள்ளி, கடல் பக்கம் மண் போட்டு நிரவி, சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். எங்கள் கோலுக்கு எப்போதும் பழைய மீன்வலைதான். அது சரிவராது என்று மேலிடத்தில் சொன்னதால் அட்டாளைச்சேனையில் ஒரு கழகத்திடம் நல்ல வலை வாங்கி வந்து கட்டினார்கள். இத்தனையும் யோசித்தார்கள். சூரியனை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

கிறவுண்டுக்குப் பெண்கள் போவதில்லை. பக்கத்துவீட்டு மாமியின் மேல்தட்டு இன்னும் கூரை போடாமல் கிடந்தது. அங்கே ஏறி நின்றால் எல்லாம் தெரியும். தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் அங்கேதான். உம்மா வரவில்லை.

“எங்கட ஆக்கள் எந்த நிறம் புள்ள?” என்று மாமி கேட்டார்.

“பச்சை, மாமி.”

“பச்சையா? அதுல உசரமா ஒருத்தனையும் காணல்லயே. அந்த வெள்ளை உடுப்புக்காரனுகளப் பாருங்க, தென்னமரம் மாதிரி. இவனுகளப் பெத்தாங்களா, நட்டாங்களா?”

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளை உடுப்புக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கிறவுண்டைச் சுற்றி நின்ற சனம் சத்தம் போடக்கூட இல்லை. எதிர்பார்த்ததுதானே என்று நின்றது. பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் கொழும்பில் நல்ல புல்லில் விளையாடுகிறவர்கள். எங்கள் கிறவுண்டில் புல் ஓரிடம், மணல் ஓரிடம். அவர்கள் தள்ளுகிற பந்து பாதி வழியில் மணலில் நின்றது. ஓடி வருகிறவன் பந்தைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கிறான். சனம் சிரிக்கத் தொடங்கியது.

அவர்கள் கோலுக்குக் கிட்ட வந்தபோதெல்லாம் காக்கா நின்றார். ஒன்றைத் தலைக்கு மேலால் தட்டிவிட்டார். ஒன்றை ஓடி வந்தவனின் காலடியில் விழுந்து பிடித்தார். மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “யா அல்லாஹ், இந்தப் புள்ள மூஞ்சிய ஒடைக்கப் போகுது” என்றார்.

இரண்டாம் பாதியில் கடல்காற்று எங்கள் பக்கமாக அடித்தது. காக்கா கையிலிருந்த பந்தை உயர அடித்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் நின்ற இடத்தைத் தாண்டி விழுந்து துள்ளியது. அந்தக் கத்தோலிக்கக் கூட்டாளி ஓடிப்போய் நெஞ்சால் வாங்கி உள்ளே தள்ளினார். சமம்.

மேல்தட்டில் நாங்கள் போட்ட சத்தத்தில் மாமியின் மருமகள் என் கையைக் கிள்ளியே விட்டாள். உம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“சமம் உம்மா! காக்கா அடிச்ச பந்துதான்!”

“ம்” என்றார் உம்மா. பிறகு, “அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார். அன்றைக்கு உம்மா வீட்டில் இருந்து என்ன துஆ கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகன் வெல்ல வேண்டும் என்றா, மகள் வீடு முடிய வேண்டும் என்றா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தொண்ணூறு நிமிஷமும் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று. சனம் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். வயல் பக்கம் வெயில் இறங்கி வீடுகளுக்குப் பின்னால் போயிருந்தது. கிறவுண்ட் முழுக்க நிழல். எங்கள் பக்கம் கடல் கிழக்கில் இருப்பதால் பொழுது சட்டென்று போய்விடும்.

மேலதிக நேரத்தின் நடுவில் மஃரிப் பாங்கு சொன்னது. பந்தை வைத்திருந்தவர் நிறுத்தினார். வெள்ளை உடுப்புக்காரர்களும் நின்றார்கள். பாங்கு முடியும்வரை அவ்வளவு பெரிய சனமும் மூச்சுக் காட்டவில்லை. பிறகு மீதியை விளையாடினார்கள். பந்து எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆட்கள் ஓடுகிற பக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். யாரும் கோல் போடவில்லை. பெனால்டிதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மேலிருந்து பாதி பார்த்தேன். மீதி அந்தக் கூட்டாளி பிறகு சொன்னது.

நடுவர் வெளிமாவட்டத்துச் சிங்கள ஆள். தமிழ் கொஞ்சம் தெரியும். செயலாளரைக் கூப்பிட்டு, “லைட் இல்ல. நான் எப்பிடி விசில் அடிக்கிறது? கிறவுண்ட் உங்கட, பொறுப்பும் உங்கட. லைட் இல்லன்னா மெட்ச் அவங்களுக்குக் குடுக்கணும்” என்றாராம். செயலாளரிடம் அந்த நேரம் பகிடி எதுவும் இருக்கவில்லை.

சனத்துக்குள் இருந்து யாரோ கத்தினார்கள்: “ஆட்டோ எல்லாத்தையும் உள்ளுக்கு எடுங்கடா!”

ஆட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள், மீன் வண்டி ஒன்று, எல்லாம் உள்ளே வந்து பெனால்டி அடிக்கிற இடத்துக்குப் பின்னால் வரிசையாக நின்று கோலைப் பார்த்து லைட் போட்டன. மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோல் கம்பம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மாமி, “மாஷா அல்லாஹ், பெருநாள் மாதிரி இரிக்கி” என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. ஏனென்றால் பெனால்டி என்றால் காக்கா. ஊருக்கு ஊர் நடக்கிற ஆட்டங்களில் காக்கா பெனால்டி பிடிப்பதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பந்தை அடிக்க வருகிறவன் மற்றக் காலை எங்கே ஊன்றுகிறான் என்று பார்ப்பாராம். கால் திரும்புகிற பக்கம் பந்து வரும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார், முற்றத்தில் என்னை அடிக்கவிட்டு.

அந்த லைட் எல்லாம் அவருடைய முகத்துக்கு நேரே அடித்தது. அடிக்க வருகிறவனுக்குப் பின்னால் வெளிச்சம். காக்காவுக்குக் கால் தெரியவில்லை. கறுப்பாக ஓர் உருவம் ஓடி வருவது மட்டும்தான் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, “கண்ணுக்குள்ள அடிக்கிது, கொஞ்சம் ஓரமாக்குங்க” என்று கேட்டாராம்.

“ஓரமாக்கினா கோல் இருட்டு. பந்து உள்ளயா வெளியயா எண்டு தெரியா” என்று ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளினார்கள். அந்த இடைவெளியில் இன்னொன்று வந்து நின்றது, உதவி செய்கிற எண்ணத்தில்.

அவர்கள் அடித்த எதையும் காக்கா பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கையுறையின் நுனியில் பட்டு உள்ளே போனது. அவர்களுடைய கீப்பருக்கும் கண் தெரியவில்லைதான். ஆனால் அவர் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் விழுந்தார். எங்கள் ஆள் ஒருவர் அந்தப் பக்கமே அடித்தார். பந்து அவருடைய முழங்காலில் பட்டுத் திரும்பியது. அந்த ஆள் யார் என்று எழுத மாட்டேன். அவரும் இதை வாசிக்கக்கூடும். அவர் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை.

அவ்வளவுதான். ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக லைட்டைத் திருப்பிக்கொண்டு வெளியே போயின.

காக்கா வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்தார். பிந்திப்போன மஃரிபைத் தொழுதார். உம்மா சோறு போட்டார். சூரை மீன் ஆணமும் பொரியலும். காக்கா குனிந்தபடி சாப்பிட்டார். உம்மாதான் முதலில் கதைத்தார்.

“ஏஜென்சிக்காரனுக்குச் செல்லிட்டியா?”

“நாளைக்குச் செல்லுறன்.”

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?”

“போடுங்க.”

அதைத் தவிர அன்றைக்கு வேறு கதை இல்லை. சத்தியம் பண்ணியபடி வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தார். வேனில் ஏறும்போது என் தலையில் கையை வைத்து, “வீட்டுக்குக் கதவு என்ன நிறம் எண்டு யோசிச்சி வை” என்றார். நான் அழுதுகொண்டே நின்றேன்.

போய் ஐந்தாவது மாதம் மௌத்து. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. கூட இருந்த அட்டாளைச்சேனை ஆள் தட்டி எழுப்பியிருக்கிறார். உடம்பு குளிர்ந்திருந்ததாம். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. சீமெந்து மூட்டை தூக்கின, கிறவுண்டை எத்தனையோ தடவை சுற்றி ஓடின ஆளுக்கு இதயம் எப்படி நிற்கும் என்று யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

மையித்தைக் கொண்டுவர நாள் எடுக்கும் என்றார்கள். பிந்தாமல் அடக்குவதுதான் மார்க்கம் என்று பள்ளிவாசல் ஆட்கள் வந்து சொன்னார்கள். எல்லோரும் உம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அங்கேயே அடக்கச் செல்லுங்க” என்றார் உம்மா. சொல்லிவிட்டு எழும்பிப்போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்.

அடக்கம் பண்ணியதைப் போனில் வீடியோவாக அனுப்பினார்கள். அறையில் கூட இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். எங்கள் ஊரில் என்றால் தெரு கொள்ளாது. மண்கூட எங்கள் மண் மாதிரி இல்லை, வெறும் கல். பக்கத்தில் நிறையக் கப்ருகள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கல். வீடியோ முடியும்போது எது காக்காவுடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் காயிப் ஜனாஸாத் தொழுதார்கள். மையித்து முன்னால் இல்லாமலே தொழுகிற தொழுகை அது. ஸ்பீக்கரில் அறிவித்ததைக் கேட்டு அடுத்த தெரு மனிசி ஒருவர் ஓடி வந்து, “மையித்து எப்ப மகள் வருது?” என்றார். வராது என்றேன். “வராதா? அப்ப எத வெச்சித் தொழுவுறாங்க?” என்று கேட்டுவிட்டு, அவரே அழுதார்.

அந்தக் கத்தோலிக்கக் கூட்டாளி தொழுகை முடியும்வரை பள்ளிக்கு வெளியே ரோட்டில் வெயிலில் நின்றிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து உம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். அன்றைக்குத்தான் அவர் இதையும் சொன்னார். ஆட்டம் முடிந்து கொழும்புக் கழகத்தின் பயிற்சியாளர் கைகொடுக்க வந்தபோது சிங்களத்தில் ஒரு சொல் சொன்னாராம்: கீப்பர் நல்லம், ஆனால் பெனால்டிக்குச் சரியில்லை. காக்காவுக்கும் அது விளங்கியிருக்கிறது. தலையாட்டியிருக்கிறார்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “மகன், ரெண்டரைக்குத் தொடங்கியிருந்தா வெளிச்சம் இருந்திருக்கும்தானே?”

“ஓம் உம்மா.”

“வெளிச்சம் இருந்தா எண்ட புள்ள புடிச்சிருப்பான்தானே?”

அந்தக் கூட்டாளி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “ஓம் உம்மா. ஒண்டாச்சும் புடிச்சிருப்பான்.”

உம்மா இதை இப்போது எல்லோரிடமும் கேட்கிறார். மரக்கறிக்காரரிடம் கேட்கிறார். என்னிடம் நாளும் கேட்கிறார். விதி என்று எல்லோரும் சொல்கிறார்கள், எழுதினது அவ்வளவுதான் என்கிறார்கள். நானும் ஓம் என்கிறேன். என்னுடைய ஈமானில் குறையில்லை. ஆனால் அசர் பாங்கு சொல்கிற நேரம் கிறவுண்டுக்குப் போகிற பையன்களின் சத்தம் கேட்டால், போய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஒரு நாள் மாறும் என்கிறார்கள். மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால், பள்ளிக்குப் போகிறவர்கள் அவரை அடக்கியிருக்கிற மையவாடியைக் கடக்கும்போது ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். காக்கா கிடக்கிற இடத்தைக் கடந்து போகிற ஆள் எங்களில் யாரும் இல்லை. எனக்கு அங்கே போகவும் முடியாது. அதனால் இதை வாசித்தவர்கள், நீங்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த வேதத்துக்காரராக இருந்தாலும், இருக்கிற இடத்திலேயே கையை ஏந்தி என் காக்காவுக்காக ஒரு தடவை கேளுங்கள். அவருடைய கப்ரை அல்லாஹ் விசாலமாக்க வேண்டும், அதற்குள் அவருக்குக் கண் கூசாத வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.